1969, 1970 மஸ்டாங் கார்களின் பின் அச்சு ஆலையில் பொருத்தியதுதானா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபோர்டு நிறுவனத்தின் 1969, 1970 மாடல் மஸ்டாங் கார்களை, குறிப்பாக 428 கோப்ரா ஜெட் என்ஜின் (428 கன அங்குலக் கொள்ளளவு கொண்ட வேக என்ஜின்) பொருத்திய கார்களை, வாங்க நினைப்பவர்களும் புதுப்பிப்பவர்களும் பின் அச்சைப் பற்றிக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன். கார்களின் தகடுகளிலும் பாகங்களிலும் உள்ள ரோமன் எழுத்துகளை அவற்றின் ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறேன். 'வி', 'டபிள்யூ' என்று நான் எழுதுமிடத்தில் காரில் ஒரே ஒரு எழுத்துதான் இருக்கும்.

என்ஜின், கியர்பாக்ஸ் எல்லாம் இருக்க, பின் அச்சுக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம்?

பெரும்பாலான கார்களில் பின் அச்சு என்பது விலைப்பட்டியலில் ஒரு வரி மட்டுமே. 428 கோப்ரா ஜெட் மஸ்டாங்கில் அப்படியில்லை. 1968 ஏப்ரலில் இந்த என்ஜின் மஸ்டாங்கில் அறிமுகமானது. ஃபோர்டு அதற்குச் சொன்ன திறன் 335 குதிரைசக்தி. 1969 மாடல் ஆண்டில் 'டிராக் பேக்' என்ற ஏற்பாடு நடைமுறைக்கு வந்த பின், 3.91 அல்லது 4.30 பின் அச்சு விகிதத்தை (பின் சக்கரத்தின் ஒரு சுற்றுக்குப் புரொப்பெல்லர் ஷாஃப்ட் எத்தனை சுற்று என்ற கணக்கு) கேட்டு ஆர்டர் செய்த காருக்கு என்ஜினும் மாறியது. கனெக்டிங் ராடுகள் வலுவானவையாக, நட்டுக்குப் பதில் திருகு போல்ட்டால் இறுகுபவையாக வந்தன; கிராங்க் ஷாஃப்டின் முன்புறம் கூடுதல் எதிரெடை சேர்ந்தது; என்ஜின் ஆயிலுக்குத் தனிக் குளிர்விப்பான் வந்தது. இப்படி வந்த என்ஜினையே சூப்பர் கோப்ரா ஜெட் என்கிறார்கள்.

ஆனால் காரின் அடையாள எண்ணில் இந்த வேறுபாடு இல்லை. பானட்டில் காற்று நுழைவழி உள்ள கோப்ரா ஜெட்டுக்கு 'ஆர்', இல்லாததற்கு 'கியூ' என்ற எழுத்துதான் சாதாரண காரிலும் இருக்கும், டிராக் பேக் காரிலும் இருக்கும். சொல்லப்பட்ட குதிரைசக்தியும் ஒன்றே. காரின் மேல் ஆலை பதித்த குறியீடுகளில் இரண்டையும் பிரித்துக் காட்டுவது பின் அச்சுக் குறியீடு ஒன்றுதான். ஆகவே அந்த ஒரு எழுத்தை மாற்றினால் காரின் அடையாளமே மாறிவிடுகிறது. அதனால்தான் அந்த எழுத்தை நம்புவதற்கு முன் வேறு பல சான்றுகளைத் தேட வேண்டியிருக்கிறது.

'ஆலை அச்சு' என்று சொல்லும்போது எதைச் சரிபார்க்கிறோம்?

இதில் இரண்டு தனித்தனிக் கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்தக் கார் ஆலையிலிருந்து எந்த அச்சுடன் வெளிவந்தது என்பது ஒன்று. இப்போது காருக்கு அடியில் இருப்பது எந்த அச்சு என்பது இன்னொன்று. முதல் கேள்விக்கு ஆவணங்கள்தான் விடை சொல்லும், இரும்பு சொல்லாது. இரண்டாவது கேள்விக்கு இரும்பு மட்டுமே விடை சொல்லும். விற்பவர் "3.91 அச்சு, நானே பல்லை எண்ணிப் பார்த்தேன்" என்று உண்மையாகவே சொல்லலாம், ஆனால் அது இரண்டாவது கேள்விக்கான விடை. அதை முதல் கேள்விக்கான விடையாக எடுத்துக்கொள்வதால்தான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள். இரண்டையும் தனித்தனியாக விசாரித்து முடித்துவிட்டு, பிறகு இரண்டும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே சரியான வழி.

கதவுத் தகட்டில் அச்சுக் குறியீட்டை எப்படிப் படிப்பது?

1969 காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் பின் விளிம்பில் ஒரு சிறிய உலோகத் தகடு ரிவெட் அடித்துப் பொருத்தப்பட்டிருக்கும். 1970 காரில் அதே இடத்தில் ஒட்டுத்தாள் இருக்கும். அடையாள எண்ணோடு, உடலமைப்பு, நிறம், உள்ளலங்காரம், தேதி, விற்பனை மாவட்டம், அச்சு, கியர்பாக்ஸ் ஆகியவற்றின் குறியீடுகள் அதில் உண்டு.

இந்த இரண்டு மாடல் ஆண்டுகளிலும் அதிகம் எதிர்ப்படும் அச்சுக் குறியீடுகள் இவை: '6' என்றால் 3.00, '9' என்றால் 3.25, 'ஏ' என்றால் 3.50, இவை மூன்றும் சாதாரண டிஃபரன்ஷியல் (வளைவில் இரு பின் சக்கரங்களையும் வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடும் பல்லமைப்பு). அதே விகிதங்கள் டிராக்‌ஷன் லாக் எனப்படும், ஒரு சக்கரம் மட்டும் வழுக்குவதைக் கட்டுப்படுத்தும் கிளட்ச் வகை டிஃபரன்ஷியலோடு வந்தால் முறையே 'ஓ', 'ஆர்', 'எஸ்' என்று இருக்கும். 'வி' என்பது டிராக்‌ஷன் லாக்குடன் கூடிய 3.91. 'டபிள்யூ' என்பது, பற்களால் பூட்டிக்கொள்ளும் வகையான டெட்ராய்ட் லாக்கருடன் கூடிய 4.30.

ஓர் எடுத்துக்காட்டு பார்ப்போம். அடையாள எண் '9எஃப்02ஆர்' என்று தொடங்குகிறது. உடலமைப்பு '63சி', தேதி '15பி', அச்சு 'வி', கியர்பாக்ஸ் '6'. இது 1969 மாடல். மிச்சிகனின் டியர்பார்ன் ஆலையில் கட்டப்பட்டது. பின்புறம் சரிந்த கூரை கொண்ட உடல். காற்று நுழைவழியுடன் கூடிய 428 கோப்ரா ஜெட். '63சி' அது மாக் 1 என்ற மஸ்டாங் வகை என்று சொல்கிறது. தகட்டின் தேதி 1969 பிப்ரவரி 15. நெருக்க விகிதம் கொண்ட நான்கு கியர் கைமுறைப் பெட்டியும் 3.91 டிராக்‌ஷன் லாக் அச்சும் கொண்டது. தகடு உண்மையானால் இது டிராக் பேக் கார்.

வேறு ஆண்டின் குறியீட்டுப் பட்டியலை வைத்துப் படிக்கலாமா?

கூடாது. 1965 மஸ்டாங்கில் '6' என்றால் 2.80, 1969இல் அதே '6' என்றால் 3.00. அந்தந்த மாடல் ஆண்டின் பட்டியலை மட்டுமே பயன்படுத்த வேண்டும்.

கதவுத் தகடு சரியாக இருந்தால் அதுவே போதாதா?

போதாது. கதவு என்பது சில போல்ட்டுகளைக் கழற்றினால் கையோடு வந்துவிடும் பாகம். ஐம்பது ஆண்டுகளுக்கு மேல் ஓடிய காரில் விபத்தாலோ துருவாலோ கதவு மாறியிருப்பது மிகச் சாதாரணம். அதைவிடக் கவலை தருவது, புதிய தகடுகளை அச்சடித்துத் தரும் கடைகள் பல ஆண்டுகளாகவே இருப்பதுதான். உடைந்துபோன தகட்டுக்கு மாற்றாக நேர்மையாக வாங்குவோர் இருக்கிறார்கள். 'எஸ்' என்ற எழுத்தை 'வி' ஆக்கிக்கொள்ள வாங்குவோரும் இருக்கிறார்கள். எழுத்துருவின் தடிமன், பதிவின் ஆழம், ரிவெட்டின் தலை, அதைச் சுற்றியுள்ள பெயின்ட் ஆகியவற்றைக் கூர்ந்து பார்த்தால் சில போலிகள் பிடிபடும். எனினும் என் கருத்தில், தகட்டை ஒரு சான்றாகக் கொள்வதைவிட, விற்பவர் தரப்பு வாக்குமூலமாகக் கொள்வதே பாதுகாப்பானது. அதை உறுதிப்படுத்த வெளிச்சான்று வேண்டும்.

அந்த வெளிச்சான்று எது?

மஸ்டாங் வாங்குபவர்களுக்கு மற்ற பல அமெரிக்கக் கார்களை வாங்குபவர்களுக்குக் கிடைக்காத ஒரு நல்வாய்ப்பு உண்டு. 1967 முதல் 1973 வரையிலான மாடல் ஆண்டுகளின் உற்பத்திப் பதிவுகள் ஃபோர்டிடம் அழியாமல் இருந்தன. மார்ட்டி ஆட்டோ ஒர்க்ஸ் என்ற நிறுவனம் ஃபோர்டிடம் உரிமம் பெற்று, அந்தப் பதிவுகளிலிருந்து ஒவ்வொரு காருக்கும் அறிக்கை தருகிறது. அடையாள எண்ணைக் கொடுத்தால் போதும். அந்தக் கார் எந்த என்ஜின், எந்தக் கியர்பாக்ஸ், எந்த அச்சு, எந்தெந்தக் கூடுதல் வசதிகளோடு ஆர்டர் செய்யப்பட்டது, எப்போது கட்டி முடிக்கப்பட்டது என்பதெல்லாம் அறிக்கையில் வரும். அச்சு விகிதமும் டிஃபரன்ஷியல் வகையும் சொல்லாகவே எழுதப்பட்டிருக்கும். குறியீட்டை நாமாக விளங்கிக்கொள்ள வேண்டியதில்லை.

அறிக்கை மூன்று நிலைகளில் கிடைக்கிறது. அச்சைச் சரிபார்க்க மட்டும் என்றால் விலை குறைந்ததே போதுமானது. காரை நேரில் பார்க்கக் கிளம்புவதற்கு முன்பே இதை வரவழைத்துவிட வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். விற்பவர் காட்டும் அறிக்கையின் நகலை ஏற்றுக்கொண்டு திருப்தியடைவதைவிட, உங்கள் பெயரில் நேரடியாகப் புதிதாக ஒன்றைப் பெறுவது நல்லது. ஏனெனில் ஒரு தாளின் நகலைத் திருத்துவது உலோகத் தகட்டைத் திருத்துவதைவிட எளிது.

இந்த அறிக்கை அடையாள எண்ணுக்கு உரியது என்பதை மறந்துவிடக் கூடாது. எனவே எண் அந்த உடலுக்கே உரியதுதானா என்று தனியே பார்க்க வேண்டும். 1969, 1970 கார்களில் முன்கண்ணாடியின் வழியே தெரியும்படி டாஷ்போர்டில் உள்ள எண்ணும், என்ஜின் அறையின் உள்பக்கத் தகரத்தில் முத்திரையாக அடிக்கப்பட்டு முன் ஃபெண்டருக்கு அடியில் மறைந்திருக்கும் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இரண்டாவது எண்ணைச் சுற்றி வெல்டிங் தழும்போ புதிய தகரமோ தெரிந்தால், அச்சைப் பற்றிய விசாரணையை அங்கேயே நிறுத்திவிட்டு முதலில் காரைப் பற்றி விசாரிக்க வேண்டும்.

ஆலையின் வேலைத்தாள், கண்ணாடியில் ஒட்டிய விலைத்தாள் ஆகியவை கிடைத்தால்?

மிக நல்லது. வேலைத்தாள் என்பது காரைப் பூட்டும்போது எந்தப் பாகத்தை எடுத்துப் பொருத்த வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொன்ன தாள். வேலை முடிந்ததும் அது காருக்குள்ளேயே எங்கேனும் விடப்பட்டது. இருக்கையின் ஸ்பிரிங்குகளுக்கு இடையிலும் தரைவிரிப்புக்கு அடியிலும் அது கிடைத்த கார்கள் பல உண்டு. மடிந்து, நைந்து, எலி கடித்த நிலையில் இருந்தாலும் அதை வீசிவிடாதீர்கள். அதே சமயம், பழைய தாளைப் போலவே அச்சிட்டுத் தரும் மறுபதிப்புகளும் உண்டு என்பதால் மார்ட்டி அறிக்கையோடு ஒப்பிட்டே ஏற்க வேண்டும்.

காருக்கு அடியில் போனால் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

அச்சுக்கூட்டின் அளவைப் பார்க்க வேண்டும். சாதாரண 302 என்ஜின் கொண்ட மஸ்டாங்குகளில் 8 அங்குல அச்சு வந்தது. 428 கார்களுக்கு 9 அங்குல அச்சு. இந்த அளவு உள்ளே இருக்கும் கிரவுன் எனும் பெரிய பற்சக்கரத்தின் விட்டத்தைக் குறிக்கிறது. இரண்டிலும் பின்புறம் கழற்றும் மூடி கிடையாது. கிரவுனும், அதைச் சுற்றும் சிறிய பற்சக்கரமான பினியனும் அடங்கிய நடுப்பாகம் முழுதாக முன்புறமாகவே வெளியே வரும். தூரத்திலிருந்து பார்த்தால் ஒன்றுபோலவே தோன்றும்.

பிரித்தறிய ஒரு எளிய வழி உண்டு. நடுப்பாகத்தைச் சுற்றி உள்ள நட்டுகளில் கீழ்ப்பக்கத்து இரண்டின் மேல் சாக்கெட்டை நேராகச் செலுத்திப் பாருங்கள். 8 அங்குல அச்சில் எல்லா நட்டுகளுக்கும் சாக்கெட் போகும். 9 அங்குல அச்சில் பினியன் பகுதியின் வார்ப்பு இடித்துக்கொள்ளும். கீழ் இரண்டு நட்டுகளுக்கு ரிங் ஸ்பானர்தான் வேண்டும். அளவுகோல் எதுவும் இல்லாமல் கையாலேயே உறுதி செய்யக்கூடிய இந்தச் சோதனை இதுவரை என்னைக் கைவிட்டதில்லை.

அகலத்தையும் அளந்துவிடுங்கள். 1967 முதல் 1970 வரையிலான மஸ்டாங் அச்சு, சக்கரம் பொருந்தும் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை சுமார் 59¼ அங்குலம். 1965, 1966 மாடல்களில் அது சுமார் 57¼. 1971 முதல் 1973 வரை சுமார் 61¼. ஃபோர்டு 1957 முதல் பல வண்டிகளில் 9 அங்குல அச்சைப் பொருத்தியிருப்பதால், வேறொரு வண்டியிலிருந்து கழற்றிப் பொருத்திய அச்சு இந்த அளவிலேயே பிடிபடக்கூடும்.

நடுப்பாகத்தின் போல்ட்டில் தொங்கும் சிறு உலோகப் பட்டை என்ன சொல்கிறது?

அந்தப் பட்டை கிடைத்தால் அதிர்ஷ்டம்தான். அதில் நான்கு செய்திகள் உண்டு. 'டபிள்யூ' என்ற எழுத்தில் தொடங்கும் குறியீடு அச்சின் வகையைச் சொல்லும். அடுத்தது விகிதம். '3 50' என்று இடைவெளிவிட்டு இருந்தால் சாதாரண டிஃபரன்ஷியல். தசமப்புள்ளியின் இடத்தில் 'எல்' வந்து '3எல்50' என்று இருந்தால் வழுக்கலைக் கட்டுப்படுத்தும் வகை. அதையடுத்து கிரவுனின் விட்டம், அதாவது '9' அல்லது '8'. பிறகு தேதி.

தேதியில் முதல் இலக்கம் ஆண்டின் கடைசி எண். அடுத்த எழுத்து மாதம். அதற்கடுத்த எழுத்து அந்த மாதத்தின் வாரம். மாத எழுத்துகள் 'ஏ' என்ற ஜனவரியில் தொடங்கி, எண் ஒன்றோடு குழம்பக்கூடிய 'ஐ' எழுத்தை விட்டுவிட்டு, 'எம்' என்ற டிசம்பரில் முடிகின்றன. ஆகவே '9ஏடி' என்றால் 1969 ஜனவரி நான்காம் வாரம். மேலே எடுத்துக்காட்டிய, பிப்ரவரி 15 தேதியிட்ட காருக்கு இது மிகப் பொருத்தமான பட்டை. அதே காரில் '9இபி' என்ற பட்டை இருந்தால் அது மே இரண்டாம் வாரத்து அச்சு. கார் ஆலையை விட்டுப் போன பிறகு பிறந்த அச்சு அதில் ஆலையிலேயே பொருத்தப்பட்டிருக்க வழியில்லை.

நடுப்பாகத்தை ஒருமுறை கழற்றினாலே பட்டை கையோடு வந்துவிடும். பலர் திரும்ப மாட்டவில்லை. இன்று புதிய பட்டைகளும் விற்பனைக்கு உள்ளன. அச்சுக்கூடு முழுதும் துருவும் எண்ணெய்ப் படிவும் இருக்க, பட்டை மட்டும் பளபளவென்று தொங்கினால் அதைச் சான்றாகக் கொள்ளாதீர்கள்.

பட்டை இல்லை. விகிதத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

எண்ணித்தான். காரின் முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்திவிட்டு, கியரை நியூட்ரலில் வையுங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி ஒருவரும் காருக்கு அடியில் போகக் கூடாது. புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் டயரிலும் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுக்கொண்டு, ஒருவர் சக்கரத்தைச் சுற்ற, மற்றவர் ஷாஃப்டின் சுற்றுகளை எண்ண வேண்டும்.

ஒரு சக்கரத்தைச் சுற்றும்போது மறு சக்கரமும் அதே திசையில் சுற்றினால், சக்கரத்தின் பத்துச் சுற்றுக்கு ஷாஃப்ட் எத்தனை சுற்று என்று எண்ணுங்கள். 32½ வந்தால் 3.25, 35 வந்தால் 3.50, 39 வந்தால் 3.91, 43 வந்தால் 4.30. மறு சக்கரம் எதிர்த்திசையில் சுற்றினால் அது சாதாரண டிஃபரன்ஷியல். அப்போது மறு சக்கரத்தை அசையாமல் பிடித்துக்கொண்டு, சுற்றும் சக்கரத்தை இருபது சுற்று சுற்றினால் அதே கணக்கு வரும். ஒரே ஒரு சுற்றை வைத்து முடிவு செய்பவர்கள் 3.25ஐ 3.50 என்று எழுதிவிடுகிறார்கள். பத்துச் சுற்று எண்ணினால் அந்த மயக்கம் வராது.

நடுப்பாகத்தை வெளியே எடுத்தால் பற்களையே எண்ணிவிடலாம். 3.25க்குக் கிரவுனில் 39 பல், பினியனில் 12. 3.50க்கு 35, 10. 3.91க்கு 43, 11. 4.30க்கு 43, 10. 3.91க்கும் 4.30க்கும் கிரவுன் பற்கள் ஒன்றே என்பதைக் கவனியுங்கள். கிரவுனை மட்டும் எண்ணிவிட்டு விகிதத்தைச் சொல்ல முடியாது. பல கிரவுன்களின் விளிம்பில் இந்தப் பல் எண்ணிக்கை முத்திரையாகவே இருக்கும்.

டிராக்‌ஷன் லாக்கா, டெட்ராய்ட் லாக்கரா என்று எப்படி அறிவது?

டிராக்‌ஷன் லாக் கிளட்ச் தட்டுகளால் இயங்குவது. மெதுவான வளைவில் அமைதியாக இருக்கும். தட்டுகள் தேய்ந்துபோனால் சாதாரண டிஃபரன்ஷியலைப் போலவே நடந்துகொள்ளும் என்பதால், சக்கரம் எதிர்த்திசையில் சுற்றியது என்பதை மட்டும் வைத்து "லாக் இல்லை" என்று முடிவு கட்டக் கூடாது. டெட்ராய்ட் லாக்கர் பற்களால் பூட்டிக்கொள்வது. மெதுவாக வளையும்போது வெளிப்பக்கச் சக்கரத்தை விடுவிப்பதால், பின்னாலிருந்து 'கடக் கடக்' என்ற ஓசை தெளிவாகக் கேட்கும். முடிவான விடை நடுப்பாகத்தை வெளியே எடுத்துப் பார்த்தால்தான் கிடைக்கும்.

ஓர் எச்சரிக்கை. இவ்விரண்டு வகைகளில் எது இருந்தாலும், ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்கிவிட்டு என்ஜினை ஓட்டிச் சோதிக்கக் கூடாது. தரையில் உள்ள சக்கரத்துக்கும் விசை போய், கார் தாங்கியிலிருந்து பாய்ந்துவிடும்.

நடுப்பாகத்தின் வார்ப்பில் 'என்' எழுத்து இருந்தால் அது ஆலை அச்சு என்று கொள்ளலாமா?

'என்' என்பது நாடுலர் இரும்பைக் குறிக்கிறது. சாதாரண வார்ப்பிரும்பைவிட இது வலுவானது. அதிக விசையுள்ள என்ஜின்களுக்கு ஃபோர்டு இந்த நடுப்பாகத்தைக் கொடுத்தது. எனவே கோப்ரா ஜெட் காரில் 'என்' இல்லை என்றால் அது ஐயத்துக்கு உரியது. ஆனால் 'என்' இருப்பதால் மட்டும் எதுவும் நிரூபணமாகாது. வேறு வண்டியிலிருந்து எடுத்ததாக இருக்கலாம், பந்தயக் கார்களுக்காகப் பின்னாளில் வார்க்கப்பட்டதாகவும் இருக்கலாம். டிராக் பேக் கார் என்றால் ஆக்சில் ஷாஃப்டின் உள்முனையில் 31 ஸ்ப்ளைன் (நீளவாட்டில் வெட்டிய பற்கள்) இருக்க வேண்டும்; 28 இருந்தால் அது மாற்றப்பட்டது.

வார்ப்பு எண் பலரைக் குழப்புகிறது. 'சி7ஏடபிள்யூ' என்று தொடங்கும் எண்ணைப் பார்த்துவிட்டு, "இது 1967 அச்சு, என் 1969 காருக்கு உரியதல்ல" என்று வருந்துகிறார்கள். 'சி' அறுபதுகளைக் குறிக்கிறது. '7' அந்தப் பாகம் வடிவமைக்கப்பட்ட ஆண்டு. 'ஏ' அது முதலில் எந்த வகை வண்டிக்காக வடிவமைக்கப்பட்டதோ அந்த வகை, அதாவது பெரிய ஃபோர்டு கார்கள். 'டபிள்யூ' அச்சுப் பொறியியல் பிரிவு. 1967இல் வடிவமைத்த வார்ப்பை அடுத்தடுத்த ஆண்டுகளிலும் தொடர்ந்து வார்த்தார்கள். ஆகவே 1969 காரில் அந்த எண் இருப்பதில் தவறே இல்லை. வடிவமைப்பு ஆண்டு காரின் ஆண்டுக்குப் பிந்தியதாக இருந்தால் மட்டுமே அது பொருந்தாது.

என்ஜினில் இருப்பதுபோல் அச்சிலும் காரின் அடையாள எண் இருக்குமா?

மஸ்டாங்கில் இருக்காது. 1968 முதல் என்ஜினிலும் கியர்பாக்ஸிலும் காரின் எண்ணின் ஒரு பகுதி முத்திரையாக அடிக்கப்பட்டது; அச்சில் அடிக்கப்படவில்லை. எனவே "எண் பொருந்தும் அச்சு" என்று எவராவது விளம்பரம் செய்தால், அவருக்கு விவரம் தெரியவில்லை அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். அச்சைப் பொறுத்தவரை நாம் எட்டக்கூடிய மிக உயர்ந்த நிலை, "ஆவணம் சொல்லும் அச்சோடு வகையிலும் விகிதத்திலும் தேதியிலும் முழுதும் பொருந்துகிறது" என்பதுதான். அதற்கு மேல் யாரும் உறுதி கூற முடியாது.

தேதிகள் எவ்வளவு நெருக்கமாக இருக்க வேண்டும்?

அச்சு முதலில் பிறந்திருக்க வேண்டும் என்பது மாற்ற முடியாத விதி. காரின் தேதிக்குச் சில நாள் முதல் சில வாரம் வரை முந்தியிருந்தால் இயல்பானது. சில மாதங்கள் முந்தியிருந்தால் ஐயப்பட வேண்டும். ஆனால் உடனே தள்ளிவிட வேண்டியதில்லை, ஏனெனில் குறைவாக ஆர்டர் வந்த விகிதங்கள் கிடங்கில் சற்றுக் காத்திருந்திருக்கலாம். 1969இல் மஸ்டாங்குகள் டியர்பார்னோடு கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயிலும் நியூஜெர்சியின் மெட்டூச்சனிலும் கட்டப்பட்டன. தொலைவில் உள்ள ஆலைக்கு அச்சு பயணம் செய்த நாட்களையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டின் தேதியைவிட மார்ட்டி அறிக்கையில் உள்ள, கார் உண்மையில் கட்டப்பட்ட தேதியோடு ஒப்பிடுவதே சிறந்தது.

அச்சைத் தவிர, டிராக் பேக் காரில் வேறு தடயங்கள் உண்டா?

உண்டு, இவற்றைப் போலியாக உருவாக்குவது கடினம் என்பதால் நான் இவற்றுக்கு அதிக மதிப்புக் கொடுக்கிறேன். ரேடியேட்டருக்கு முன்னால் ஆயில் குளிர்விப்பான் இருக்கும். அதன் குழாய்கள் ஆயில் ஃபில்டர் பொருந்தும் இடத்துக்கு வரும். குளிர்விப்பானைக் கழற்றி விற்றுவிட்ட கார்களிலும் அது அமர்ந்த இடத்தின் துளைகளும் தடங்களும் மிஞ்சியிருக்கும். கிராங்க் ஷாஃப்டின் முன்முனையில், அதிர்வு தணிக்கும் சக்கரத்துக்குப் பின்னால், கோடரி முகம் போன்ற கூடுதல் எதிரெடை இருக்கும்.

நான்கு கியர் கைமுறைப் பெட்டி கொண்ட கோப்ரா ஜெட் கார்களில் பின்புற ஷாக் அப்சார்பர்கள் இரண்டும் ஒரே பக்கம் இல்லாமல், ஒன்று அச்சுக்கு முன்னாலும் மற்றொன்று பின்னாலுமாகப் பொருத்தப்பட்டிருக்கும். வேகமாகக் கிளப்பும்போது அச்சு துள்ளுவதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு. இது டிராக் பேக்குக்கு மட்டும் உரியதன்று. ஆயினும் நான்கு கியர் கோப்ரா ஜெட் என்று சொல்லப்படும் காரின் தரையில் அதற்கான தாங்கிகள் இல்லை என்றால், அச்சைவிடப் பெரிய கேள்விகள் எழுகின்றன.

ஆவணம் 4.30 என்கிறது, அடியில் 3.25 இருக்கிறது. ஏமாற்று வேலையா?

அநேகமாக இல்லை. மேல் கியரில் என்ஜினும் ஷாஃப்டும் ஒரே வேகத்தில் சுற்றும் பெட்டி இது. சுமார் 26 அங்குல உயர டயரோடு மணிக்கு 60 மைல், அதாவது ஏறத்தாழ 97 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது, 4.30 அச்சோடு என்ஜின் நிமிடத்துக்குச் சுமார் 3,300 சுற்றுகள் சுற்றும், 3.25 அச்சோடு சுமார் 2,500 போதும். அந்த இரைச்சலோடும் பெட்ரோல் செலவோடும் நெடுஞ்சாலையில் தினமும் போய்வர முடியாத உரிமையாளர்கள், நடுப்பாகத்தைக் கழற்றி வேறொன்றைப் பூட்டிக்கொண்டார்கள். 9 அங்குல அச்சில் அது அரை நாள் வேலை.

இப்படிப்பட்ட காரில் ஆலை அச்சு எது என்பதை ஆவணம் தெளிவாகச் சொல்கிறது. இன்று அது காரில் இல்லை என்பதும் தெளிவு. இதை மறைக்காமல் எழுதி விற்றால் அது நேர்மையான கார். விகிதத்தைத் திரும்பக் கொண்டுவர விரும்பினால், தேதி பொருந்தும் பழைய நடுப்பாகத்தைத் தேடிப் பொருத்தலாம். ஆனால் அது பின்னர் பொருத்தப்பட்டது என்பதைக் காரின் ஆவணக் கோப்பில் எழுதிவையுங்கள். அடுத்து வாங்குபவருக்கு அந்த ஒரு வரி பெரிய உதவி. தலைகீழான நிலை, அதாவது ஆவணம் 3.25 என்று சொல்ல அடியில் 3.91 இருந்து, கதவுத் தகட்டிலும் 'வி' இருந்தால், அங்கேதான் ஐயப்பட வேண்டும்.

டீலர் பொருத்திக் கொடுத்த விகிதம் ஆலை விருப்பமாகுமா?

ஆகாது. விற்பனைக்கு முன்பே டீலரின் பட்டறையில் கிரவுனும் பினியனும் மாற்றப்பட்ட கார்கள் உண்டு. அன்றைய ரசீது இருந்தால் அது காரின் வரலாற்றில் மதிப்புள்ள பக்கம். ஆனால் காரின் அச்சுக் குறியீடு பழையபடியேதான் இருக்கும், டிராக் பேக் என்ஜினும் வந்திருக்காது.

இதே முறை மற்ற அமெரிக்கக் கார்களுக்கும் பொருந்துமா?

ஆவணத்தையும் இரும்பையும் தனித்தனியே விசாரிக்கும் முறை பொருந்தும், கருவிகள் வேறுபடும். செவ்ரோலே கார்களில் அச்சுக் குழாயில் குறியீடும் தேதியும் முத்திரையாக இருக்கும். ஆனால் அமெரிக்காவில் விற்ற செவ்ரோலே கார்களுக்கு ஃபோர்டைப் போல் கார்வாரியான பொதுப் பதிவு கிடைப்பதில்லை என்பதால் வேலைத்தாளும் ரசீதும்தான் கதி. போன்டியாக் கார்களுக்குப் போன்டியாக் ஹிஸ்டாரிக் சர்வீசஸ் மூலம் ஆலையின் பில் விவரங்களைப் பெறலாம். கிரைஸ்லர் குழும கார்களில் என்ஜின் அறையில் உள்ள ஃபெண்டர் தகடும், இருக்கைக்குள் கிடைக்கும் வேலைத்தாளும் முதன்மையானவை. ஹெமி என்ற பெரிய என்ஜினும் நான்கு கியர் பெட்டியும் கொண்ட கார்களில் வந்த, 9¾ அங்குலக் கிரவுன் கொண்ட டானா 60 அச்சைப் பின்மூடியைப் பார்த்தே அடையாளம் காணலாம்.

காருக்கு அடியில் உள்ள அழுக்கைக் கழுவிவிட்டுப் பார்க்கலாமா?

அவசரப்பட வேண்டாம். அச்சுக்கூட்டிலும் புரொப்பெல்லர் ஷாஃப்டிலும் ஆலையில் இட்ட நிறக் கோடுகளும் மை எழுத்துகளும் எண்ணெய்ப் படிவுக்கு அடியில் பத்திரமாக இருக்கலாம். கம்பி பிரஷ்ஷும் மணல் வீச்சும் அவற்றை நிரந்தரமாக அழித்துவிடும். முதலில் உள்ளபடியே படம் எடுங்கள். பிறகு மண்ணெண்ணெய் நனைத்த துணியால் சிறிது சிறிதாகத் துடைத்து, ஏதேனும் நிறம் தெரிந்தவுடன் நிறுத்தி, அளவுகோலை அருகில் வைத்து மறுபடி படம் எடுங்கள். பட்டை இருந்தால் அது எந்த போல்ட்டில், எந்தப் பக்கம் பார்த்தபடி இருந்தது என்பதும் படத்தில் தெரிய வேண்டும். விற்பவர் காரைத் தூக்கிப் பார்க்கவே இடம் கொடுக்கவில்லை என்றால், அச்சைப் பற்றி அவர் சொல்லும் எதற்கும் விலையில் ஒரு ரூபாய்கூடச் சேர்த்துக் கொடுக்காதீர்கள்.